லயமே டீவியை அணைத்த ஞாயிற்றுக்கிழமை

கரண்ட் குறையும்போது பல்பு ஒரு மாதிரி செம்மஞ்சளாக மாறும், பார்த்திருக்கிறீர்களா? தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்போதெல்லாம் அந்த நிறம் வந்தால், லீவில் வந்த நான் வெல்டிங் ரொட்டைத் தட்டிவிட்டேன் என்று அர்த்தம். கூடவே எரிந்த இரும்பு வாசனை வரும்... பின்னாலேயே யாராவது ஒருவருடைய திட்டும் வரும்.

இலங்கை மலைநாட்டில் டயகம பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். செல்வி அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் வாங்கிய பழைய பிக்கப் ஒன்று இருந்தது. வயதில் எனக்கு மூத்தது. அக்காவேதான் ஓட்டுவாள். லயத்து ஆட்கள் விளைவிக்கும் லீக்ஸ், கெரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு டவுன் கடைக்குப் போவாள். ‘பொம்பள ஓட்டுற வண்டியில ஏத்துறதா’ என்று இழுத்தவர்கள் எல்லாம், பிறகு விடிவதற்கு முன்பே மூட்டையோடு ரோட்டோரம் நின்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தவள், கேபினுக்கும் பின் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் காட்டினாள்.

இடைவெளியே இல்லை. இரண்டும் சண்டைக்கிடா மாதிரி நெற்றி முட்டிக்கொண்டு நின்றன.

அடியில் படுத்துப் பார்த்தேன். வண்டிக்கு முதுகெலும்பே சேஸிதான். அதில் கேபினுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெடித்திருந்தது.

டவுன் கராஜின் சிங்கள மெக்கானிக் பாஸ் பார்த்துவிட்டு, “விக்குணலா தான்ன நங்கி” என்றார். வித்துப்போடு தங்கச்சி என்கிறார். டவுனில் எங்கள் மூட்டைகளை எடுக்கும் மரக்கறிக் கடை முதலாளி நானாவுக்குப் போன் செய்தோம். நல்ல மனிதர், ஆனால் வியாபாரி.

“கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. திங்கக்கெழம சாமான் வராட்டி நான் வேற வாகனம் பேசித்தான் ஆகணும்.”

அக்கா போனை வைத்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

மறுபடியும் குவைத்துக்குப் போகப்போகிறாள் என்று புரிந்தது. முதல் தடவை அவள் குவைத்திலிருந்து வந்து இறங்கியபோது, கைக்குழந்தையாக விட்டுப்போன மகள் கவிதா வாசலில் நின்றாள். வந்தவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, “உக்காருங்க, எங்கம்மா வெளிநாட்டுல இருக்காங்க” என்றாள். பெற்றவளிடமே. அக்கா அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எங்கள் யாருக்கும் அது மறக்கவில்லை.

“பாஸ்போர்ட்ட உள்ள வையக்கா. நான் ஒட்டுறேன்” என்றேன்.

நான் அப்போது கொழும்பில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் வெல்டிங்கில் ஒட்டுகிறவன். லீவில் வந்திருந்தேன். பக்கத்து வீட்டு மாரிமுத்து மாமா லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். “கேட்டு ஒட்டுறவன் சேஸி ஒட்டப் போறானாம். ஓடும்போது வண்டி தொறந்துக்கிட்டா என்னா பண்ணுவ மாப்ள?”

சனிக்கிழமை பின்னேரம் வெல்டிங் பிளான்ட் மெஷினை இரவல் வாங்கி வந்து ஆரம்பித்தேன். எல்லா வீட்டிலும் சமைக்கிற நேரம். ரொட் எரியவே இல்லை, போய் ஒட்டிக்கொண்டது. உருகி விழுந்த கொஞ்சமும் காக்கை எச்சம் மாதிரி மேலே உட்கார்ந்தது. கொழும்புக் கூட்டாளியிடம் போனில் கேட்டேன். “கரண்ட் பத்தாம ஒட்டுனா இரும்பு உருகாதுடா. பள்ளத்துல எறங்கும்போது விட்டுச்சுன்னா வண்டியோட ஒங்க அக்காவும் போயிருவாங்க. அப்பிடி ஒட்டுறதுக்கு ஒட்டாமலே இரு.”

ஞாயிறு காலை அக்கா லயத்தில் வீடு வீடாகப் போனாள்.

“இன்னைக்கு மட்டும் டீவி, ஃபிரிஜ், ரைஸ் குக்கர் எல்லாத்தையும் நிப்பாட்டிருங்க. நாளைக்கு ஒங்க மூட்டையுந்தான் போகணும்.”

அன்றைக்குப் பார்த்து மேட்ச்! மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். உள்ளே போனார். வெளியே வந்து, “டீவி என்னா டீவி... எங்க வீட்டு மெயின் சுவிச்சையே எறக்கிட்டேன். ஒட்டுடா” என்றார்.

ஒவ்வொரு வீடாக அடங்கியது. அந்த ஞாயிறு முழுக்க எங்கள் லயத்தில் விறகு அடுப்புப் புகைதான்.

பின் பாடியைக் கழற்றி, ஜாக்கி கொடுத்துச் சேஸியை நேராக்கி, பேட்டரி வயரைப் பிரித்துவிட்டேன். வெடிப்பு மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் நுனியில் ஒரு துளை. துருவையெல்லாம் தேய்த்துவிட்டு ரொட்டைத் தட்டினேன்...

நின்று எரிந்தது. இரும்பு உருகி, வெடிப்புக்குள் இறங்கி ஓடியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதன்மேல் பழைய லொறிச் சேஸியில் வெட்டிய தகட்டை இரண்டு பக்கமும் வைத்து, சூட்டில் வளையாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஆறவிட்டு ஒட்டினேன். மாமா பேட்டரி ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, விக்கெட் விழும்போதெல்லாம் எனக்கும் அறிவித்தார். மேட்ச்சில் தோற்றுவிட்டோம். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

திங்கள் காலை வண்டி நிறைய மூட்டை. கேபினில் அக்கா பக்கத்தில் நான், மூட்டைமேல் மாமா. “மெயின எறக்குனவன் நானு. மொத ட்ரிப்புல எனக்கும் பங்கு இருக்கு.”

பெரிய குழி இருக்கும் வளைவைத் தாண்டியதும் அக்கா வண்டியை நிறுத்தினாள். இறங்கி, கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ளங்கையை விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போய் வந்தது. இன்னொரு தடவை விட்டாள். பிறகு சிரித்தாள் பாருங்கள்... குவைத்துக்குப் போவதற்கு முன்னால் பார்த்த சிரிப்பு. டவுன் வரைக்கும் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவேயில்லை. மலையில் கொழுந்து பறித்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து கை காட்டினார்கள்.

இப்போது எனக்கு ஹட்டனில் சொந்தப் பட்டறை. லயத்துக்கும் நல்ல கரண்ட் வந்துவிட்டது. அங்கே போய் எவ்வளவு நேரம் ஒட்டினாலும் ஒரு பல்பு மங்காது. நல்லதுதான். ஆனாலும் யாருமே திட்டாதது கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

போன வாரம் பிக்கப் பட்டறைக்கு வந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். ஒட்டு அப்படியே இருக்கிறது.

“பாஸ்போர்ட் தேதி முடிஞ்சி எத்தனையோ வருசமாச்சுடா” என்றாள் அக்கா.

“புதுப்பிக்கலையா?”

பதில் சொல்வதற்குள் ஹோர்ன் அடித்தது. டிரைவர் சீட்டில் கவிதா. போன மாதம்தான் லைசன்ஸ் எடுத்திருக்கிறாள்.

“அம்மா, ஏறு, நேரமாச்சு” என்றாள்.