ஏழு எண்ணி ஐந்துக்குத் தாவியவர்கள்

போன வாரம் சூளகிரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண்ணின் டீ ஷர்ட்டில், ஒரு காலத்தில் நாங்கள் பைத்தியமாகக் கேட்ட அமெரிக்க பேண்டின் பெயர். "இவங்க பாட்டெல்லாம் கேப்பீங்களாம்மா?" என்றேன். "இல்ல சார், டிசைன் நல்லாருந்துச்சு."

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முதன்முதலில் அவர்கள் பாட்டைக் கேட்டபோது, சிடியில் கீறல் என்று நினைத்து சோப்புப் போட்டுக் கழுவியவர்கள் நாங்கள்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஓசூரில் ஒரே கம்பெனி, ஒரே வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கும் அந்தோணி. கிடார் வைத்திருந்த கன்னடக்காரன் மஞ்சு. கத்துவதற்கு மட்டும் லாயக்கான நான். மெட்டல் கிடாரும் ஹார்ட்கோர் கத்தலும் கலந்ததற்கு மெட்டல்கோர் என்று பெயர். இந்த பேண்டோ, நாலு நாலாக எண்ணும் வழக்கமான தாளத்தையும் உடைத்திருந்தது. அந்தோணிதான் டிபன் பாக்ஸில் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தான்: "கீறல் இல்ல மச்சான். ஏழு எண்ணிட்டு அஞ்சுக்குத் தாவறாங்க."

அந்தத் தாவலைப் பிடித்துக்கொண்டு பின்னால் எத்தனையோ பேண்டுகள் வந்தன. தாளத்தில் இவ்வளவு கணக்கு இருப்பதால் மேத்கோர் என்று பெயரும் வைத்தார்கள். கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸான மூன்று பேர் ஓசூரில் அதைப் பயின்றது எந்த வரலாற்றிலும் இல்லை. அந்தோணி தமிழில் எண்ணுவான், மஞ்சு கன்னடத்தில், நான் ஆங்கிலத்தில். பாட்டின் முடிவுக்கு மூவரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்ததாக நினைவில்லை.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மேடை ஏறினோம். கற்பூர வாசனைக்கு நடுவே உயிரைக் கொடுத்து வாசித்து முடித்தோம். முன்வரிசை மேனேஜர் நிஜமான அக்கறையோடு கேட்டார்: "மைக் செக் ஆச்சா? பாட்ட ஆரம்பிக்கலாமா?"

நான் சிரித்துவிட்டேன். அந்தோணி சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச்சில், நாலு எண்ணி வாசிக்க வேண்டிய ஞானப்பாட்டுக்கே ஏழு போட்டான். பாடகர் குழு பாதியில் நின்றுபோனது. அதில் இருந்த அவன் அம்மா மட்டும் மகனை விட்டுக்கொடுக்காமல் தனியாக இழுத்துப் பார்த்து, முடியாமல் அழுதுவிட்டாராம்.

"தப்பு தன்னுதுன்னு நெனச்சு அழுதுச்சு மச்சான், எங்கம்மா" என்றான், அறைக்கு வந்து. அதற்குப் பிறகு அவன் நாலை விட்டு நகரவேயில்லை. பேண்டும் அத்தோடு முடிந்தது.

அந்த அறை இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட். மஞ்சு எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அந்தோணியின் அம்மா காலமான துக்கத்துக்குப் போனபோது, இன்னும் வாசிக்கிறாயா என்று கேட்டேன். சர்ச்சில் டிரம்ஸையே எடுத்துவிட்டார்களாம்.

"கீபோர்டுல பட்டன அமுக்குனா அதுவே வாசிக்குது" என்றான். "தப்பே வர்றதில்ல."