கட்டி முடியும்வரை எங்கள் வீடு

மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்ட காலத்தில், தியாகராய நகரில் பல பெரிய வீடுகளில் நான் வளர்ந்தேன். ஒன்றும் எங்களுடையதல்ல. அப்பா, கட்டடம் எழும் இடங்களில் காவல்காரர், அம்மா சித்தாள். தளம் போட்டதும், சிமெண்டு மூட்டைகளுக்குக் காவலாக உள்ளேயே படுத்துக்கொள்ளச் சொல்வார் மேஸ்திரி. கதவு வைக்காத அறையில் நானும் தம்பியும் சாக்கு விரித்துத் தூங்குவோம்.

முதல் வீட்டின்போது எனக்கு எட்டு வயது இருக்கும். தெருவைப் பார்த்த அறையை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். சன்னல் மேடையில் ஓட்டுத்துண்டுகளை அடுக்கிக் கடை வைப்பேன். அந்த அறையின் சிவப்புத் தரையை அம்மாதான் குந்தி உட்கார்ந்து தேய்த்து மெருகேற்றினாள். அது காய்ந்ததும் எங்களைக் கொல்லைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள்.

கிரகப்பிரவேசத்தன்று, வேலை செய்தவர்களுக்குக் கொல்லையில் சாப்பாடு என்று சொல்லியிருந்தார்கள். நான் பழக்கத்தில் வாசல் வழியாக ஓடி என் அறைக்குள் நுழைந்துவிட்டேன். ஜமக்காளத்தில் பட்டுப்புடவைப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு நின்றது. என் பாவாடை முழுக்கச் சுண்ணாம்பு என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

வீட்டுக்கார அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "யாராத்துக் கொழந்தை இது?" என்று கேட்டார்.

"இது என் ரூமு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல. அதற்குள் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்து, தான் தேய்த்த தரையில் கால் வைக்காமல் வெளியிலேயே நின்றாள். "கொயந்தம்மா, தெரியாம வந்துட்ச்சி" என்று கைகூப்பினாள். வீட்டுக்கார அம்மாள் கை படாமல் என் உள்ளங்கையில் ஒரு லட்டைப் போட்டார். தின்னவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. 

அடுத்த கட்டடத்தில் தளம் போட்ட சில நாளிலேயே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கொட்டகை ஒழுகியது. மேஸ்திரி இரக்கப்பட்டு, பிள்ளைகளை உள்ளே படுக்க வைக்கச் சொன்னார்.

"வோணாம் மேஸ்திரி. பசங்களுக்குப் பயக்கமாயிடும்" என்றாள் அம்மா.

அப்பா மட்டும் காவலுக்கு உள்ளே போனார். நாங்கள் மூவரும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தம்பி நடுங்கினான். ஏன் உள்ளே போகவில்லை என்று என்னைத்தான் கேட்டான். நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை.