நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி பாக்கி

வெர்னா முப்பத்து மூன்று வருடம் எங்கள் லீக்கின் செயலாளர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளம். கனடாவில், மனிடோபா மாகாணத்தின் மேற்கே பத்து ஊர்ப் பையன்கள், இருபது வயது தாண்டாதவர்கள், ஆடுகிற ஐஸ் ஹாக்கி லீக் அது. எந்த வருடம் எந்த ஊர் ஜெயித்தது, கோல் காக்கும் எந்தக் கோலிக்கு எந்த முழங்கால் போனது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆட்டத்தின்போது கடிகாரப் பொத்தானை அமுக்குவதும் அவள்தான். ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று பீற்றிக்கொள்வாள். உண்மைதான், பீற்றிக்கொள்ளட்டும்.

லீக்கின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுத உட்கார்ந்தவளுக்கு முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. முதல் சாம்பியன் யார்?

1973 மார்ச். ஆல்டனுக்கும் ரோஸ்விக்குக்கும் இறுதி ஆட்டம். ஐஸ் தளத்தை உறைய வைக்க அப்போது இயந்திரம் கிடையாது. கொட்டகைக் கதவைத் திறந்துவைத்தால் குளிரே வந்து வேலையைப் பார்த்துவிடும். அன்றைக்கென்று வெயில் காய்ந்தது. மூன்றுக்கு மூன்று என்று இருக்கும்போது பந்துக்குப் பதில் அடிக்கிற கறுப்பு வட்டு, ஐஸ் உருகிய ஒரு குட்டையில் விழுந்து நகர மறுத்தது. மீதியை அடுத்த குளிர்காலத்தில் ஆடிக்கொள்ளலாம் என்றார் நடுவர். எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குள் பாதிப் பேருக்கு வயது தாண்டிவிடும் என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. ஜெயித்த ஊர்களின் பெயர் பொறிக்கிற கோப்பையில் முதல் வரி இன்றும் மொட்டையாக இருக்கிறது.

ஆல்டனுக்காகக் கோல் போட ஓடிய ஓரஸ்ட், வெர்னாவின் அண்ணன். ரோஸ்விக்கின் கோலி நெஸ்டர், அவள் புருஷன். மூன்று வருடம் முன்பு, பழைய நாட்காட்டிப்படி ஜனவரியில் வரும் அவர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில், வழக்கமான பன்னிரண்டு பதார்த்தமும் மேஜையில் இருக்க, ஓரஸ்ட் வாயைத் திறந்தார்.

"உன் புருஷன்தாம்மா பயந்துபோய் அன்னிக்கு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நடுவர் காதைக் கடிச்சான்."

நெஸ்டர் பதிலுக்கு ஏதோ சொல்ல, எழுந்துபோன ஓரஸ்ட் அப்புறம் வாசல்படி மிதிக்கவில்லை. வெர்னாவுக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த விருந்தில் செத்தவர்களுக்கென்று ஒரு தட்டு வைப்பது வழக்கம்.

"அது செத்தவங்களுக்கா, உங்கண்ணனுக்கா?" என்று மறுவருடம் நெஸ்டர் கேலியாகக் கேட்டார். அவள் சமையலறைக்குப் போய் அழுதாள்.

இப்போது பழைய பெட்டியில் 1973 ஆட்டத்தின் ஸ்கோர் தாள் கிடைத்தது. பாக்கி நேரம் 4:12 என்று இருந்தது. இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள்: "மீதியை ஆடித் தொலைங்க. எனக்கு அண்ணனும் வேணும், புருஷனும் வேணும்."

இந்த வருட விருந்துக்கு மூன்று நாள் முன்பு, மதியம், இரண்டு ஊரும் திரண்டு வந்தன. பக்கத்துக்கு ஆறு கிழவர்கள் தேறினார்கள். நெஸ்டருக்குக் கால் கவசம் கட்டி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. விசில் ஊதியதும் ஓரஸ்ட் ஒரு அடி அடித்தார். நெஸ்டர் தொப்பையாலேயே தடுத்தார். மறுபடி அடி, மறுபடி தொப்பை. வெர்னா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். யார் ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஓரஸ்ட் தடுப்புப் பலகையில் சாய்ந்துவிட்டார். நெஸ்டர் மண்டியிட்டவர் எழவே இல்லை. இருவரும் மூச்சு வாங்க மேலே பார்த்தார்கள். கடிகாரத்தில் 4:12.

"பொத்தானை அமுக்கினியா?" என்றார் நெஸ்டர்.

"மறந்துட்டேங்க."

"பதினோரு நிமிஷமா ஆடறாங்க," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"முப்பத்து மூணு வருஷம் அமுக்கினவ, இன்னிக்குத்தானா மறக்கணும்?" என்ற ஓரஸ்ட், நெஸ்டர் பக்கம் திரும்பினார். "இவளை வச்சு எப்படித்தான் குடும்பம் நடத்தறீங்க மாப்ளே?"

"வளர்த்தது உங்க வீடு மச்சான். என்னைக் கேட்டா?"

இருவரும் சேர்ந்து அவளைக் காய்ச்சி எடுத்தார்கள். அந்தத் திட்டு அவளுக்கு அவ்வளவு இனித்தது.

"முதல்லேருந்து ஆடறீங்களா?" என்றார் நடுவர்.

"அடுத்த குளிர்காலத்துல பாத்துக்கலாம்," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

புத்தகத்தின் முதல் வரியில் வெர்னா உள்ளதை எழுதினாள்: 1973, மூன்றுக்கு மூன்று, பாக்கி இருக்கிறது.

மூன்றாம் நாள் விருந்துக்கு ஓரஸ்ட் வந்தார். காலியாக இருந்த தட்டின் முன் உரிமையோடு உட்கார்ந்தார். நெஸ்டர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டு எடுத்து வந்து வைத்தார்.

"செத்தவங்களுக்கு வேற வைக்கணும்ல," என்றார்.