வூட்லதானே இருக்க

ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வந்தது. கேள்வி ஒன்றுதான். வீட்டிலிருந்து வேலை பார்க்க விருப்பமா, வாரத்தில் மூன்று நாள் மட்டும் வர விருப்பமா, எல்லா நாளும் ஆபீஸுக்கே வர விருப்பமா? பெரம்பலூரில் சின்னதாக ஒரு கிளை திறக்கிறார்களாம். அதுவரை ஆபீஸ் என்றால் எங்களுக்குச் சென்னைதான். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அதைப் பார்த்ததோடு சரி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் பெண்களில் பாதிப்பேர் அரை நிமிடத்தில் 'வீடு' என்று அழுத்திவிட்டு டீ போடப் போய்விட்டார்கள். நான் நாலு நாள் யோசித்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன நோய், என்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு எழுதித் தரும். அது இடது காலை வலது கால் என்று எழுதியிருந்தால் கண்டுபிடித்துத் திருத்துவது என் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். அரியலூரில் எங்கள் வீட்டு உள் ரூமில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு மேஜையைச் செருகி நாலு வருஷமாக உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவருடைய நல்ல காலை யாரோ அறுத்துவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு வரியையும் கேட்பேன்.

என் கணவருக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது சட்டைக் காலரில் தூசி இருக்கும். அவர் வேலைக்குப் போகிறார் என்பதில் தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. எனக்குத் தூசி இல்லை, பஸ் இல்லை. எனக்கு இருந்ததெல்லாம் ஒரு 'தானே'.

"சிலிண்டர் வருது, வாங்கி வச்சிரு. வூட்லதானே இருக்க." இது கணவர். "மாவு அரைச்சு வச்சிரும்மா. வூட்லதானே இருக்க." இது அத்தை, என் மாமியார். எதிர்வீட்டு அக்கா ஜெயங்கொண்டத்துக்குக் கிளம்பினால் சாவியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார். மோட்டாரை நான்தான் நிறுத்த வேண்டும். தெருவுக்கு வரும் பார்சல்களுக்கெல்லாம் நானே கையெழுத்துப் போட்டதில், கொண்டு வரும் பையன்கள் விலாசத்தைப் படிப்பதையே விட்டுவிட்டார்கள். 

ஒருமுறை என்னைக் குழுத் தலைவியாக்கலாமா என்று மேலாளர் கம்ப்யூட்டரில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை கதவைத் திறந்து, "கீரைக்காரம்மா வந்திருக்கு, எத்தன கட்டு?" என்றார். "ரெண்டு" என்றேன். அதே நேரத்தில் மேலாளர் கேட்டிருந்தது, எத்தனை பேரை உங்களால் சமாளிக்க முடியும் என்று. வேலை இன்னொருத்திக்குப் போனது. கீரை நன்றாகத்தான் இருந்தது.

படிவத்துக்குப் பதில் எழுதாமல் வைத்திருந்த அந்த வாரம், புதன்கிழமை ஏதோ கணக்கெடுப்பு என்று ஓர் அம்மா வந்தார். வாசலில் நாற்காலி போட்டு அத்தையிடம் விவரம் கேட்டார்.

"மருமவ என்ன பண்றாங்க?"

"அது வூட்லதான் இருக்குது."

அவர் 'இல்லத்தரசி' என்று எழுதுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து போனேன்.

"நான் வேலை பாக்குறேங்க" என்றேன்.

"அப்படிங்களா? எங்கம்மா போறீங்க?"

"எங்கயும் போகலைங்க. உள் ரூம்லதான்."

அவர் எட்டிப் பார்த்தார். கட்டிலில் பாதி மடித்த துணி கிடந்தது. "தையலா?" என்றார்.

"இல்லீங்க. கம்ப்யூட்டர்ல."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மனசுல வச்சிக்காதீங்கம்மா. வூட்டு வேலையும் வேலதான். நான் ஒன்னும் தப்பா எழுதல."

அத்தை என் பக்கம் திரும்பி, "பாவம், வேலைக்கு வந்தவங்க, கொஞ்சம் மோர் குடும்மா" என்றார். நான்தான் கலக்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீட்டில் ஓர் ஆளுக்காவது நான் வேலை பார்ப்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் வேலைக்குப் 'போக' வேண்டும். போகாமல் செய்வதற்குப் பெயர் வேறு. சாயங்காலம் படிவத்தைத் திறந்து 'எல்லா நாளும் ஆபீஸ்' என்று அழுத்தினேன். கணவர் கேட்டுவிட்டு, "வசதியா வூட்லயே இருக்கறத விட்டுட்டு" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

முதல் நாள் புடவை கட்டி, சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பெரம்பலூர் போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. ஆபீஸில் பன்னிரண்டு மேஜை, வந்தது மூன்று பேர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். பத்து மணிக்கு மேலாளர் திரையில் தோன்றி, நேரில் சேர்ந்து வேலை பார்ப்பதன் நன்மைகளை விளக்கினார். அவர் பின்னால் குக்கர் நாலு விசில் அடித்தது. 

மத்தியானம் அத்தை போன் செய்தார். "பார்சல்காரன் வந்தாம்மா. மருமவ வேலைக்குப் போயிருக்கு, நாளைக்கு வான்னு சொல்லிட்டேன்."

"அத்தை, லைன் சரியில்ல. என்ன சொன்னீங்க?"

"மருமவ வேலைக்குப் போயிருக்குன்னு சொன்னேன்."

லைன் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு தடவை கேட்டிருப்பேன், சந்தேகப்படுவார் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குப் பூராவும் நடந்த வேலையில் ஒரு தப்பு இல்லை.

மறுபடி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வீடு வந்தபோது இடுப்பு கழன்றிருந்தது. மூன்றாவது படிக்கும் என் மகள் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். இத்தனை நாளில் யாரும் என் பையை வாங்கியதில்லை, ஏனென்றால் பையே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் அவள்.

"ஆபீஸ்ல என்னம்மா பண்ணுவ?" என்றாள்.

"இங்க என்ன பண்ணுனேனோ அதேதான்டி."

அவள் பையிலிருந்த ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிப் பார்த்தாள்.

"அங்கயும் நாள் பூரா பாட்டுதான் கேப்பியா?"