ஹெட்போனில் கேட்ட மூச்சு

மலேசியாவில், ஈப்போ நகரின் சிலிபினில் நடந்த அண்ணன் மகள் கல்யாணத்தை நான்தான் வீடியோ எடுத்தேன். அண்ணன் மேடையில் பேசுவதற்காக அவர் சட்டையில் சின்ன வயர்லெஸ் மைக்கை மாட்டியிருந்தேன்; அதில் விழும் சத்தம் என் ஹெட்போனில் கேட்கும். பேசி முடித்தவர் அதைக் கழற்றாமலேயே மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டார்.

சற்று நேரத்தில் என் ஹெட்போனில் கரகரவென்று இரைச்சல். மைக் சட்டையில் உரசுகிறது என்று நினைத்து, சத்தத்தைக் குறைக்கப் போனேன். அப்போதுதான் அண்ணனின் குரல் மெல்லக் கேட்டது. "யாராச்சும் வாங்களேன்... மூச்சு முட்டுது..."

கேமராவை விட்டுவிட்டு ஓடினேன். சமையல்கட்டுக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்து கிடந்தார்.

"அண்ணே, கண்ண மூடாதீங்க லா!" என்று கத்தினேன். உறவினர்கள் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்கள். மாரடைப்பு. நேரத்தோடு போனதால் பிழைத்தார்.

இப்போதெல்லாம் இரைச்சல் கேட்டால், மைக்கைக் குறை சொல்வதற்கு முன், அதை மாட்டியிருப்பவரைத் தேடிப்போய்ப் பார்த்துவிடுகிறேன்.