தள்ளி நில்லுடி

இது கட்டிவிட்ட கதை இல்லை. பட்டவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். தினமும் வெந்நீரில் தொண்டையை நனைத்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போகிறாள். கேமராமேன் எவ்வளவு கத்தினாலும் வெளிச்சத்தை விட்டு ஓரடி பின்னால்தான் நிற்கிறாள். ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

நாடகக் குழுவில் அவளுக்குத் ‘தோழி’ என்று பெயர். எப்போதும் ராணி வேடம் கட்டியவள் ‘ராணி’. இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பகலெல்லாம் தோள் காய்க்கப் பலகையும் படுதாவும் சுமந்து வண்டியில் ஏற்றுவார்கள். மேடையில் விளக்கு விழுந்ததும் ஒருத்தி ராணி, இன்னொருத்தி தோழி. தோழி கொஞ்சம் முன்னால் வந்துவிட்டால் போதும், ராணி சபையைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லிடுக்கில் சொல்வாள்.

“தள்ளி நில்லுடி.”

ராணியைச் சினிமா கூப்பிட்டது. முகம் விளக்குக்கென்றே செய்தது. குரல்தான் இழைக்காத பலகை. பேசுவதற்கு வேறு ஆள் வேண்டும் என்றார்கள். ராணியே தோழியைக் கைகாட்டினாள். அன்றிலிருந்து முப்பது வருஷம், படத்திலும் சரி, பிறகு சீரியலிலும் சரி, ராணி வாயசைத்தாள், தோழி பேசினாள். பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும் டப்பிங் அறையில் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். உதடு சொல்வதை வாய் சொல்லும். வசனத் தாள் தேவைப்பட்டதில்லை.

கைத்தட்டல் மட்டும் ராணிக்குப் போனது. விருது மேடையில்கூட அவள் பேசவில்லை, கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டாள். என்ன அடக்கம் என்றார்கள் ஜனங்கள்.

“வாயைத் திறக்கட்டுமே, பாப்போம்,” என்றாள் தோழி, டிவி முன்னால்.

“உன் வயித்தெரிச்சல்ல அடுப்பே பத்த வைக்கலாம்,” என்றார் வீட்டுக்காரர்.

சீரியலில் மாமியாராக நடித்துக்கொண்டிருக்கும்போதே ராணி படுத்துவிட்டாள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் செருகினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி. சீரியல் இயக்குநர் தோழியின் வீட்டுக்கு வந்தார்.

“அவங்க இனி எழுந்திரிக்க மாட்டாங்கம்மா. முகம் மாறினாலும் குரல் அதேன்னா ஜனங்க ஏத்துக்குவாங்க. நீங்களே நடிச்சிருங்க. இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேணாம்.”

அவர் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் சரி என்றுவிட்டாள். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை ராணி செத்துப்போனாள்.

அடுத்த வாரம் தோழி முதல் தடவையாக வெளிச்சத்தின் நடுவில் நின்றாள். நான்கு நாள் கழித்து, தன் முகத்துக்குத் தானே பேச டப்பிங் அறைக்குப் போனாள்.

“இன்னைக்கு உங்க வாய்க்கு நீங்களே பேசுறீங்க. இனி உதடு சேரலைன்னா யாரைத் திட்டுவீங்க?” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தார் ஒலிப்பதிவாளர். அந்த ஸ்டுடியோவுக்குப் புதியவர்.

விளக்கு அணைந்தது. ஹெட்போனை மாட்டினாள். திரையில் அவள் முகம். ‘சாவியைக் கொடு’ என்று மருமகளை மிரட்ட வேண்டும். அவ்வளவுதான் வசனம்.

அப்போது கேட்டது... ஒரு மூச்சு.

அவளுடையது இல்லை.

“தம்பி, ஏதாவது சத்தம் வருதா?”

“ஒண்ணுமில்லையேம்மா.”

மறுபடியும். ஹ்ஹ்ஹா... வசனத்துக்கு முன்னால் இழுக்கிற மூச்சு. முப்பது வருஷம் அந்த மூச்சுக்குத் தன் மூச்சைப் பொருத்தியவள். யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா?

காது மடல் சுட்டது.

திரையைப் பார்த்தாள். திரையில் அவள் முகம் சிரித்தது.

நடிக்கும்போது அவள் சிரிக்கவே இல்லை...

பல் சேர்ந்தது. உதடு மட்டும் அசைந்தது.

இவள் வாய் பழகிய வாய். தானாகத் திறந்தது. உதடு சொன்னதைச் சொன்னது.

“தள்ளி நில்லுடி.”

“என்னம்மா அது? வசனத்துல இல்லையே.”

“நீங்க படத்தைப் பாருங்க தம்பி... நான் சிரிக்கிறேனா?”

திருப்பி ஓட்டினார். சிரிப்பு இல்லை. உதடு ‘சாவியைக் கொடு’ என்றது.

பதிவான குரல் மட்டும் இருந்தது. கரகரவென்று, இழைக்காத பலகை மாதிரி.

“தொண்டை கட்டிக்கிச்சாம்மா?”

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

பத்து நாள் போயிருக்கும். ராணியின் மகள் போனும் கையுமாக வந்தாள்.

“சித்தி, ஆஸ்பத்திரியில அம்மா என்னமோ சொல்லிட்டே இருந்தாங்க. குழாய் இருந்ததால சத்தம் வரல. எங்களுக்குப் புரியல. அவங்க உதட்டை உங்களுக்குத் தெரியற மாதிரி யாருக்குத் தெரியும்?”

வீடியோவில் வெடித்த உதடு. யாரும் இல்லாத பக்கம் பார்த்துச் சிரிப்பு. பல்லிடுக்கில் இரண்டே வார்த்தை. திரும்பத் திரும்ப...

“என்ன சித்தி சொல்றாங்க?”

“தண்ணி கேட்டிருக்கா.”

மகள் அழுதாள். தோழி வீடியோவின் மேலே இருந்த நாளையும் நேரத்தையும் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று பத்து.

அந்த நேரம் இயக்குநர் இவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விஷயம் அவருக்கும் இவளுக்கும் மட்டும்தான் தெரியும்.