குருவிக்குப் போட்ட சாக்கு

“அதான் சொல்றேன் சிஸ்டர், உடும்பு ஒரு மாசம் பட்டினி கெடக்கும். குருவி ஒரு ராத்திரி தாங்காது.”

நர்ஸ் அதைக் கேட்கவேயில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரச் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான்.

முப்பத்தோரு வருஷமாக மிருகக்காட்சிசாலையில் கூண்டு கழுவுகிறவர். எல்லாருக்கும் அவர் ‘உடும்புக்காரர்’. மகள் ஏழாம் மாசமே பெற்றுவிட்டு மயக்கம் தெளியாமல் மாடியில் கிடந்தாள். மருமகன் அவள் பக்கத்தில். பேத்தி ஒரு கிலோ கூட இல்லை. அவர் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவிலேயே அடங்கிவிடுவாள். கண்ணாடிப் பெட்டியின் சூடு மட்டும் போதாது, ஒரு நெஞ்சின் சூடும் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“என் கை வேணாம்மா. வேற யாரையாவது கூப்பிடுங்க.”

“வாசல்ல வாட்ச்மேன் இருக்காரு, கூப்பிடவா? உக்காருங்க பெரியவரே.”

போன குளிர்காலத்தில் மிருகக்காட்சிசாலையில் சூட்டு பல்புகள் கெட்டுப்போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. உடும்புக்குச் சொந்தச் சூடு கிடையாது, குருவி தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்று நினைத்து, பல்பை உடும்புக்கு மாட்டினார். பாடும் குருவியின் கூண்டுக்கு மதியமே சாக்கைப் போட்டு மூடினார், குளிர் புகாமல் இருக்கட்டும் என்று. இருட்டிவிட்டதென்று குருவி தின்னவேயில்லை. தீனி நிறைந்த கிண்ணத்துக்குப் பக்கத்தில், மறுநாள் காலை, விறைத்துக் கிடந்தது. எடைத்தட்டில் பதினைந்து கிராம். உடும்பு மட்டும் குத்துக்கல் மாதிரி நன்றாக இருந்தது.

பிள்ளையை நெஞ்சில் கிடத்தி நர்ஸ் துணியை இழுத்ததும் பதறினார்.

“மூடாதீங்கம்மா! இருட்டுனா தின்னாது!”

“இது குருவி இல்ல. குழாய்ல பால் போகுது, பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. படபடவென்ற அந்த மார்பின் துடிப்பையே எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய நரைத்த நெஞ்சுமுடியைக் குழந்தை பற்றிக்கொண்டது. எடுக்கும்போது விரலைப் பிரிக்க நர்ஸ் படாதபாடு பட்டாள்.

“அப்பப்பா, என்ன பிடி இது!”

“உடும்புப் பிடி,” என்றார். சிரிப்பு வரவில்லை.

நாலாம் நாள் பக்கத்துப் பெட்டி காலியானது. அந்தப் பிள்ளையின் அம்மா வெறுங்கையோடு போனாள். அவர் தினமும் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினார். டாக்டர் தினமும், “பார்க்கலாம்” என்றார்.

இன்று பன்னிரண்டாம் நாள். காலையில் உடும்புக்கு முட்டையைப் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“பேத்தி முப்பது கிராம் ஏறியிருக்காடா மொட்டைவாலா. ரெண்டு குருவி.”